காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை: டெல்டா மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மருந்துக்கடை நடத்தும் எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று வருடம் முன்பு, ஒரு கார்த்திகை மாதம். சம்பா வயலில் களை பறித்துவிட்டு, மாட்டுக்கு வரப்புப் புல்லும் அறுத்து வந்த அம்மாவுக்குக் காய்ச்சல். கடைத்தெருவுக்குப் போய் "ஒரு செட் மாத்திரை குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கியவன் நான்தான். காகிதக் கவரில் நாலு வேளைக்கு: காய்ச்சலுக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று, செபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் ஒன்று. தணியவில்லை. திரும்பப் போனேன், திரும்பவும் அதே செபிக்சிம். ஏழாம் நாள் மூச்சு வாங்கியபோதுதான் அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே ஒரு டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டு அம்மாவின் உடம்பு முழுக்கப் பார்த்தார். இடுப்பில், புடவை சொருகும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. இருந்ததே அம்மாவுக்குத் தெரியாது. உண்ணிக் காய்ச்சல் என்றார். ஸ்க்ரப் டைபஸ்.

புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் குஞ்சு கடித்து வருவது இது. எலி நடமாடும் வரப்பெல்லாம் அதற்கு வீடு. மழைக்குப் பிறகு, குளிர் மாதங்களில் அதிகம் வரும். கிருமி நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வதால் செபிக்சிம், அமாக்சிசிலின் வகையறா அதை ஒன்றும் செய்வதில்லை. டாக்சிசைக்ளினுக்குக் கேட்கும், அசித்ரோமைசினுக்கும் கேட்கும். அம்மா தின்ற செபிக்சிம் நோயைத் தொடவே இல்லை. குடலில் இருக்கும் மற்றக் கிருமிகளுக்குத்தான் அந்த மருந்தை எதிர்க்கப் பழக்கிக் கொடுத்தது. நாங்கள் இழந்தது ஏழு நாள்.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். வேலூர் சிஎம்சியின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. கடுமையான ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள் சுமார் 800 பேர். சிலருக்கு டாக்சிசைக்ளின் மட்டும், சிலருக்கு அசித்ரோமைசின் மட்டும், சிலருக்கு இரண்டும் சேர்த்து, எல்லாம் நரம்பு வழியாக. இறப்பு, ஏழாம் நாளும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஒரே மருந்து பெற்றவர்களில் 47, 48 சதவீதம் பேருக்கு இவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. இரண்டும் பெற்றவர்களில் 33 சதவீதம். இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை எழுதும்போதே ஒரு பயமும் வருகிறது. இதைப் படித்துவிட்டு நாளைக்கு யாரும் "டாக்சி, அசித்ரோ செட்" என்று கவரில் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர்களுக்கு, நோய் இன்னது என்று பார்த்துக் கொடுத்த மருந்து அது.

உங்கள் சங்கடமும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. கடை பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் கொடுப்பார்கள். அதனால்தான் ஒரு கடைக்கு எழுதாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். செபிக்சிம் எச்1 அட்டவணை மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. 2014 மார்ச் முதல் சீட்டு எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற்றி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அம்மாவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நான் கேட்பது இதுதான். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக்கைக் கத்தரித்துக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் என்று வருபவரிடம் "எத்தனை நாளா? வயல் வேலைக்குப் போனீங்களா? உடம்புல கருப்பாப் பொருக்கு ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்புக்குக் கீழே என்று மறைவான இடத்தில்தான் அது பெரும்பாலும் இருக்கும். வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும். அதனால் எப்படியானாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே மருந்து இலவசம். நீங்கள் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். டாக்டர் சொல்வதைவிட உங்கள் சொல்லைத்தான் நம்புகிறார்கள்.

ஐப்பசி மழைக்கு முன் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கூப்பிட்டால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயத் தொழிலாளியின் மகன்