முனியாண்டிக்கு உயிர்ப்புள்ளி எழுதிய தம்பி தங்கைகளுக்கு

சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைதோறும் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நடத்தும் ரோல்பிளே விளையாடும் இளையோர் குழுவினருக்கு வணக்கம்.

நீங்கள் சொந்தமாக உருவாக்கி வரும் கற்பனை உலகின் வரைவை என்னிடம் படிக்கக் கொடுத்தீர்கள். பால்மரக் (ரப்பர்) காடுகளும், தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளும், காலையில் அவர்கள் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களமும் உள்ள ஓர் உலகத்தை, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள். ஈப்போவில் படித்த காலத்தில் நகலெடுத்த விதிநூலையும் ஒரே ஒரு இருபது முகப் பகடையையும் வைத்துக்கொண்டு நாங்கள் ஆடிய ஆட்டங்களில் கோட்டைகளும் பனிமலைகளும்தான் இருந்தன; நம் ஊர் இருந்ததில்லை. அதனால் உங்கள் பக்கங்களை நான் இரண்டு முறை படித்தேன். பதினான்காம் பக்கத்தில் நின்றுவிட்டேன். அங்கே பென்சிலால் அழகாக வரையப்பட்ட அரிவாளின் கீழ் இப்படி எழுதியிருந்தது: ‘முனியாண்டி. நிலை 18. உயிர்ப்புள்ளி 240. பலவீனம்: நெருப்பு.’ ஆட்டத்தில் நிலை என்பது வலிமையின் படி; உயிர்ப்புள்ளி என்பது அடிபட அடிபடக் குறைந்து, பூச்சியமானால் ஆளை வீழ்த்திவிடும் எண்.

இந்த மடலை உங்களுக்குத் தனியாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இதே வேலையில் இறங்கியிருக்கும் மற்ற இளையோருக்கும் இது பயன்படக்கூடும் என்பதுதான். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சாமியை விளையாட்டில் சேர்க்கவே கூடாது என்று சொல்லும் பெரியவர்கள் நம் ஊரில் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பெயரை மட்டும் எடுத்து வந்தால் சாமி வராது, பிடிமண்ணும், அதாவது அந்தச் சாமியின் காலடியிலிருந்து ஒரு பிடி மண்ணும், எடுத்து வர வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

இந்த உயிர்ப்புள்ளிப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரோல்பிளே ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில், எகிப்து, கிரேக்கம், இந்தியா, வட ஐரோப்பா எனப் பல நாட்டுத் தெய்வங்களுக்கும் எண்கள் கொடுத்து ஒரு துணைநூல் போட்டார்கள். வட ஐரோப்பியரின் பெருந்தெய்வமான ஓடினுக்கு அதில் 300 உயிர்ப்புள்ளி. ஓடினுக்கே இவ்வளவுதான் என்றால் நாற்பதாம் நிலைக்கு ஏறிவிட்டதாகப் பெருமை பேசும் வீரர்களை யார் பொருட்படுத்துவார்கள் என்று காட்டுவதற்காகவே அந்த எண்ணைக் கொடுத்ததாக நூலின் முன்னுரை சொல்கிறது. ஆனால் எண் என்று ஒன்று இருந்துவிட்டால் அதைக் குறைத்துப் பூச்சியமாக்கப் பார்ப்பதுதானே ஆட்டக்காரரின் இயல்பு? 1980இல் வந்த பெரிய நூலிலும் இந்திரன், அக்னி, காளி எல்லோரும் அதே அட்டவணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

தியாமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தின் வழியே உங்களுக்கு அவள் ஐந்து தலை டிராகன். பாபிலோனியரின் படைப்புக் கதையில் அவள் உப்புக் கடல். மர்துக் அவளைக் கொன்று உடலை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வானமாக்குகிறான், அவள் கண்களிலிருந்து யூப்ரடீசும் டைகிரீசும் பெருகுகின்றன. ஒரு நாடு தன் ஆறுகளைப் பார்த்து ‘இவை ஒரு தாயின் கண்கள்’ என்று நினைத்திருக்கிறது. ஆறும் போய், கடலும் போய், ஐந்து தலை மட்டும் ஆட்டத்துக்குள் வந்தது. இன்று அவளுக்கு விளக்கு வைப்பவர் யாரும் இல்லாததால் கேட்பதற்கும் ஆள் இல்லை. சிவன் என்ற பெயரோ 1990 முதல் ஃபைனல் ஃபேன்டசி என்ற வீடியோ விளையாட்டில் பனியை ஏவும் ஒரு பெண்ணின் பெயராக இருக்கிறது. நம் அரக்கர்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1977ஆம் ஆண்டு விலங்குக் கையேட்டில் புலித்தலையோடு புகைக்குழாய் பிடித்து அமர்ந்திருக்கிறார்கள். வீடணனும் அரக்கன்தான் என்பதை வரைந்தவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

தொலைவில் இருந்து எழுதியவர்களுக்கு அது தெரியாமல் போனது. நீங்கள் அப்படி இல்லை. முனியாண்டி உங்களுக்குப் பழங்கால மதத்துத் தெய்வம் அல்ல. போன வெள்ளிக்கிழமை கூட அவருக்குச் சூடம் காட்டினார்கள். சூடம் காட்டி அழைக்கும் சாமிக்கு நெருப்பு எப்படிப் பலவீனமாகும்?

என் பூட்டனார் ராஜுலா கப்பலில் பினாங்குக்கு வந்தபோது, ஊர் எல்லைச்சாமியின் காலடி மண்ணை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்தார். அந்தப் பிடிமண்ணைத் தோட்டத்து எல்லையில் வைத்து, மேலே ஓர் அரிவாளை நட்டார்கள். பால்வெட்டுக்கு இருட்டிலேயே கிளம்பும் என் பாட்டி அந்த இடத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வாளியைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டு கடப்பாராம். பின்னாளில் தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்து வீடுகள் கட்ட வந்தபோது, தாத்தா மறுபடியும் ஒரு பிடி மண்ணை அள்ளினார். அதுதான் இப்போது செம்பனைக்காட்டு ஓரத்தில், தகரக் கூரையின் கீழ் இருக்கிறது. அரிவாள் அதேதான், பிடியில் சுற்றிய சிவப்புத் துணி மட்டும் ஆண்டுதோறும் மாறும். எலுமிச்சை, சுருட்டு, சேவல், சாராயம் என ஒவ்வொரு படையலும் யாரோ ஒருவர் கொடுத்த வாக்கு.

ஆகவே, நிலை 18 என்பதை அழித்துவிட்டு அவருடைய எல்லையை எழுதுங்கள். எந்த மரத்திலிருந்து எந்தப் பாலம் வரை அவர் காவல், அந்தக் கோட்டைத் தாண்டினால் காவல் உண்டா இல்லையா என்பது ஆட்டத்தில் எவ்வளவு பெரிய செய்தி! உயிர்ப்புள்ளி இருந்த இடத்தில் நேர்த்திக்கடனை எழுதுங்கள். உங்கள் வீரன் ஆபத்தில் வேண்டிக்கொண்டு தப்பித்துவிட்டான். மூன்று ஆட்டம் கழித்தும் சேவல் வரவில்லை. அப்போது என்ன நடக்கும்? சாமியிடம் கேள்வி கேட்கும்போது பகடையை ஒதுக்கிவிட்டு, நம் கோவிலில் செய்வதுபோலச் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துப் போட்டு, மேசையில் இருப்பவர்களில் மிக இளையவரை ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மேசையில் எழும் அமைதியை இருபது முகப் பகடை தந்ததில்லை. இதை நான் ஆடிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இப்படி எழுதினால் ஆட்டம் சுவைக்காது என்று நினைக்க வேண்டாம். 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற ரோல்பிளே ஆட்டத்தில் தெய்வ வழிபாடுதான் முதுகெலும்பு. அந்த ஆட்டம் நடக்கும், கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கிய குளோரந்தா உலகத்தில், ஒரு தெய்வத்தின் அடியாராகச் சேருபவர் தம் நேரத்திலும் வருவாயிலும் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும், பதிலுக்குத்தான் வரம். அவர் அந்தத் தெய்வங்களைக் கற்பனையில் படைத்தார். உங்களுக்கோ அது வாசலிலேயே இருக்கிறது.

உங்கள் குழுவில் உள்ள சீன நண்பர், இங்குள்ள சீனர்கள் வணங்கும் காவல் தெய்வமான டத்தோ கோங்கையும் சேர்க்க விரும்புவதாகச் சொன்னார். நல்ல எண்ணம். அவரையும் படையலிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். டத்தோ கோங் இருக்கும் அந்தச் சிவப்புச் சிறுகூட்டில் பன்றி இறைச்சி படைக்க மாட்டார்கள். மண்ணின் காவலரான அவர் மலாய் முஸ்லிம் பெரியவர் என்ற மரியாதை அது. வந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தவரை எப்படி மதிப்பது என்பது அந்த ஒரு தட்டிலேயே தெரிந்துவிடும். எத்தனை நிலை போட்டாலும் அதை அட்டவணையில் காட்ட முடியாது.

பதினான்காம் பக்கத்தை மாற்றி எழுதுவதற்கு முன் ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். ஆடி மாதப் பூசைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை நான் அங்கே புல் வெட்டிக்கொண்டிருப்பேன். அரிவாளைப் பார்த்து வரைய வேண்டுமானால் வரையலாம். பூசாரியிடம் நான் கேட்டுவிட்டேன். நோட்டுப் புத்தகத்தோடு ஆளுக்கொரு எலுமிச்சை கொண்டுவாருங்கள். மண்சாலை முடிகிற இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள்.

அன்புடன்,
பழைய தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் ஒருவரின் பேரன்,
சுங்கை சிப்புட்