திறந்து பார்க்க விடுங்க: பழைய ஸ்போர்ட்ஸ் கார் விக்கிற அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணன்மாரே. கோலாலம்பூர்லயும் சுத்துவட்டாரத்துலயும் ரீகோன் காரு (வெளிநாட்டுல ஓடி இங்க இறக்குமதியான பழசு), யூஸ்ட் காரு விக்கிற உங்க எல்லாருக்கும்தான் இதை எழுதுறேன். இந்தத் தொழில்ல நம்ம ஆளுங்க எத்தனையோ பேர் இருக்கீங்க, சேல்ஸ்மேனா இருக்கீங்க, சொந்தக் கடை வச்சிருக்கீங்க, அதான் தமிழ்லயே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் செந்தூல்காரன். அப்பா லோரி ஓட்டினவரு. 1999ல சிப்பாங்ல முதல் எஃப் ஒன் ரேஸ் நடந்தப்போ டிக்கெட் வாங்க வீட்டுல வசதி இல்ல, அப்பாவும் நானும் டிவிக்கு முன்னாடி உக்காந்து பார்த்தோம். அன்னிக்கு மனசுல விழுந்த ஆசைதான் இது. புது வண்டி விலை நமக்கு எட்டாது, ஆனா பழசா ஒண்ணு, என்னிக்காவது ஒண்ணு வாங்கிடணும்னு பதினாலு வருஷம் காசு சேர்த்தேன். உங்க கடைக்கு வர்ற பாதிப் பேர் என்னை மாதிரி ஆளுங்கதான். பெரிய பணக்காரங்க புதுசு வாங்கிக்குவாங்க, பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தேடி வர்றவன் சேர்த்து வச்ச காசை எடுத்துக்கிட்டு வர்றவன்.

2016ல வாங்கினேன். போர்ஷே கேமன் எஸ், 2007 மாடல், 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர், மேனுவல் கியர். மீட்டர்ல 61,000 கிலோமீட்டர். விலை 158,000 வெள்ளி (ரிங்கிட்), பாதி சேமிப்பு பாதி லோன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், அண்ணே எனக்குத் தெரிஞ்ச ஃபோர்மன் (மெக்கானிக்) ஒருத்தர் இருக்காரு, ரெண்டு மணி நேரம் லிஃப்ட்ல ஏத்திப் பார்த்துக்கட்டும், அந்தச் செலவும் என்னோடதுன்னு. அதுக்கு அந்தக் கடையில, அதெல்லாம் வேணாம் தம்பி, புஸ்பாகோம் (வண்டிச் சோதனை நிலையம்) பாஸ் ஆன வண்டி, சாயந்தரம் ஜொகூர்ல இருந்து ஒருத்தர் பார்க்க வர்றாரு, வேணும்னா இப்பவே புக்கிங் போடுன்னாங்க. நான் போட்டுட்டேன்.

அந்த வண்டியைப் பத்தி ஒரு விஷயம் உங்களுக்கே தெரியும். முன்னாடி பானெட்டைத் திறந்தா பெட்டி வைக்கிற இடம். பின்னாடி கதவைத் திறந்தாலும் பெட்டி வைக்கிற இடம்தான், அங்க ஆயில் ஊத்த ஒரு மூடி, கூலண்ட் ஊத்த ஒரு மூடி, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். என்ஜின் சீட்டுக்குப் பின்னாடி கார்ப்பெட்டுக்குக் கீழ மூடிக் கிடக்கு. ஒரு புரோட்டான் சாகா வாங்குறவன் பானெட்டைத் திறந்து சத்தம் கேட்டுப் பார்க்கலாம், கேமன் வாங்குறவனுக்கு அந்த வழி கூட கிடையாது. லிஃப்ட்ல ஏத்தாம, கம்ப்யூட்டர் போடாம, எதுவுமே பார்க்க முடியாது. அப்படிப்பட்ட வண்டியைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்குன்னா எப்படிண்ணே?

நாலு மாசத்துல ஆயில் குறைய ஆரம்பிச்சது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் மாதிரி. காலையில ஸ்டார்ட் பண்ணினா ஒரு பக்கம் மட்டும் டிக் டிக்னு தட்டுற சத்தம். அதே ஃபோர்மன்கிட்ட கொண்டு போனேன். அவரு மொதல்ல ஸ்பேனரையே தொடல, கம்ப்யூட்டரை மாட்டி என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பார்த்தாரு. அந்த வண்டியோட ஈசியூல, அதாவது என்ஜின் கம்ப்யூட்டர்ல, அது பதிவாகும், ரெவ் லிமிட்டைத் தாண்டி எத்தனை தடவை போச்சுங்கிறதும் பதிவாகும். மீட்டரைத் திருப்புறவங்க பல பேர் இதைத் தொடுறதில்ல. 3,900 மணி நேரம்னு காட்டுச்சு. 61,000ஐ 3,900ஆல வகுத்துப் பாருங்க, மணிக்குப் பதினஞ்சு பதினாறு கிலோமீட்டர் வருது. ஃபெடரல் ஹைவே ஜாம்லயே தினமும் கிடந்தாலும் ஒன்பது வருஷக் கணக்கு அவ்வளவு கீழ இறங்காதுன்னாரு. சராசரி முப்பதுன்னு வச்சாக்கூட 117,000 கிலோமீட்டர். மீட்டரைக் கிட்டத்தட்ட பாதிக்குத் திருப்பி வச்சிருக்காங்க.

அப்புறம் அடியில ஆயில் தேங்குற சம்பைக் கழட்டி, பென்சில் தடிமன்ல இருக்கிற கேமராவை உள்ள விட்டுக் காட்டினாரு. இந்த என்ஜின்ல சிலிண்டருக்குள்ள இரும்பு ஸ்லீவ் கிடையாது, அலுமினியத்துல சிலிக்கான் கலந்த சுவருதான். பிஸ்டன் மேல இருக்கிற கோட்டிங் தேஞ்சு போனா அந்தச் சுவருல நெட்டுக்குக் கீறல் விழும், ஆறாவது சிலிண்டர்லதான் இதை அடிக்கடி பார்க்குறோம்னு சொன்னாரு. என்னோடதுலயும் ஆறாவதுலதான். ஸ்கிரீன்ல அந்தக் கறுப்புக் கோடுகளைப் பார்த்துக்கிட்டு நின்னேன், வாயில வார்த்தை வரல. என்ஜினை இறக்கிப் பிரிச்சு, ஸ்லீவ் போட்டு, கிளட்சும் மாத்தி, 41,000 வெள்ளி. ஆறு மாசம் வண்டி வர்க்‌ஷாப்ல, லோன் மட்டும் மாசா மாசம் போய்க்கிட்டே இருந்தது. பயனீட்டாளர் டிரிபியூனலுக்குப் போலாம்னு பார்த்தா அப்போ அங்க 25,000 வெள்ளி வரைக்கும்தான் கேட்க முடியும், 2019லதான் அதை 50,000 ஆக்கினாங்க.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். வண்டி மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, அதைச் செஞ்ச கம்பெனி மேலயும் இல்ல. லட்சம் கிலோமீட்டர் ஓடின என்ஜின் தேயத்தான் செய்யும். 117,000 ஓடின வண்டின்னு சொல்லியிருந்தா அதுக்கேத்த விலை பேசி, ரிப்பேருக்குக் காசு ஒதுக்கிட்டு சந்தோஷமா வாங்கியிருப்பேன். இன்னிக்கும் அதே வண்டிதான் வச்சிருக்கேன். ரோட் டேக்ஸ் மட்டும் வருஷத்துக்கு 3,871 வெள்ளி 50 காசு, 3,000 சிசிக்கு மேல ஒவ்வொரு சிசிக்கும் நாலரை வெள்ளி போட்டுக் கட்டுறேன், மனசார கட்டுறேன். ஞாயித்துக்கிழமை விடியக்காலையில காராக் ஹைவே ஏறும்போது முதுகுக்குப் பின்னாடி அந்த என்ஜின் பாடுற சத்தத்துக்கு நான் வேற எதையும் ஈடு சொல்ல மாட்டேன். மறைச்சதுதான்ணே வலிக்குது.

புஸ்பாகோம் பாஸ்னு சொல்றீங்கள்ல, அதை நானும் மதிக்கிறேன். ஆனா பெயர் மாத்துறதுக்குப் பண்ற பி5 சோதனை எதுக்கு? என்ஜின் நம்பரும் சேஸி நம்பரும் கிராண்டோட (வண்டிப் பதிவுத் தாள்) ஒத்துப் போகுதா, வண்டியை வெட்டி ஒட்டியிருக்காங்களா, இதைப் பார்க்கத்தான். சிலிண்டருக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிறது அவங்க வேலை இல்ல. அந்தத் தாளைக் காட்டி வாங்க வந்தவன் வாயை அடைக்கிறது சரியில்ல.

ரீகோன் விக்கிறவங்களுக்கு இன்னும் சுலபம். ஜப்பான்ல ஏலத்துல எடுத்த வண்டின்னா ஏலத் தாள் ஒண்ணு கண்டிப்பா இருக்கும், அதுல கிரேடு, கிலோமீட்டர், எந்தக் கதவு மாத்தினது, எங்க கீறல்னு படமே வரைஞ்சிருப்பாங்க. கிரேடு ஆர்னு போட்டிருந்தா அடிபட்டு ரிப்பேர் பண்ணினது. அந்தத் தாள் உங்க டிராயர்ல கிடக்கு. நாங்க கேட்டா தொலைஞ்சு போச்சுங்கிறீங்க. ஏபிக்கு (இறக்குமதி பெர்மிட்) மட்டும் பத்தாயிரம் வெள்ளி கட்டி, டியூட்டி கட்டி, கப்பல்ல கொண்டு வர்ற வண்டிக்கு ஒரு தாளைப் பத்திரமா வைக்க முடியாதா? டயரைக் கூடப் பாருங்க, பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 1512னா 2012ஆம் வருஷம் பதினஞ்சாவது வாரம் செஞ்சது. மேல பாலிஷ் போட்டுப் பளபளன்னு நிறுத்தியிருப்பீங்க, மழையில 130ல போனா அந்த ரப்பர் பிடிக்காது, உள்ள உக்காந்திருக்கிறது ஒருத்தரோட புள்ள.

2021 டிசம்பர்ல ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா பக்கம் எல்லாம் தண்ணி ஏறினதை நாம எல்லாரும் பார்த்தோம். அந்தத் தண்ணியில நின்ன வண்டி எல்லாம் எங்க போச்சுன்னு எனக்கு இன்னிக்கும் கவலைதான். அதனால யாராவது உங்க கடையில சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தா, கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பார்த்தா, கோவப்படாதீங்க. அவன் உங்களைத் திருடன்னு நினைக்கல, அவனுக்குப் பயம்.

லிஃப்ட்ல ஏத்தும்போது வண்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்புன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ரெண்டு பேரும் ஒத்துக்கிற வர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவோம், ஏதாவது உடைஞ்சா வாங்க வந்தவன் கொடுக்கணும்னு எழுதி வாங்கிக்குங்க, செலவையும் அவனே ஏத்துக்கட்டும். சில நூறு வெள்ளிதான் ஆகும். சுத்தமான வண்டின்னா அந்த ரிப்போர்ட்டைக் கண்ணாடியில ஒட்டி வைங்க, ரெண்டாயிரம் மூவாயிரம் கூடக் கேளுங்க, நானே கொடுப்பேன்.

அடுத்த மாசம் என் அக்கா மகன் ஒரு நிஸான் 370இஸட் பார்க்க உங்ககிட்டதான் வர்றான். வயசு இருபத்தாறு, முதல் சம்பளத்துல இருந்து எடுத்து வச்ச காசு. அதோட ரோட் டேக்ஸ் 5,262 வெள்ளின்னு இப்பவே கணக்குப் போட்டு வச்சிருக்கான். கூட நானும் வருவேன், அதே ஃபோர்மனும் வருவாரு. கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் கசியுதா, என்ஜின் சூடானதுக்கப்புறம் ஆயில் பிரஷர் கீழ விழுதான்னு பார்ப்பாரு, கம்ப்யூட்டரும் கேமராவும் கையில இருக்கும். நாங்க விலையைக் குறைச்சுக் கேட்க வரல. சாவியைக் கொடுத்துட்டு, ரெண்டு மணி நேரம் வண்டியை எங்ககிட்ட விடுங்க.

இப்படிக்கு,
செந்தூல்ல இருந்து ஒரு கேமன்காரன்