பெண்கள் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை: விளம்பரத்தில் ஒரு வரியை நீக்கவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அறக்கட்டளை ஒன்று நடத்திவரும் அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை தேவை என்ற விளம்பரம் வெளியாகியிருந்தது. முதுகலைப் பட்டம், பி.எட்., 10 ஆண்டு கற்பித்தல் அனுபவம் ஆகியவற்றைக் கேட்டுவிட்டு, கடைசி வரியில் 'பொதுத்தேர்வில் தொடர்ந்து 100 விழுக்காடு தேர்ச்சி காட்டியவர்களுக்கு முன்னுரிமை' என்று அச்சிட்டிருந்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் 33 ஆண்டுகள் பணியாற்றி, அவற்றில் கடைசி 9 ஆண்டுகள் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு விளம்பரத்தை மறுபடியும் வெளியிடவேண்டும் என்று பள்ளிக் குழுவினரைத் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தப் பள்ளி 9ஆம் வகுப்பிலும் 11ஆம் வகுப்பிலும் தானே ஒரு தேர்வு வைத்து மாணவியரைச் சேர்த்துக்கொள்கிறது. கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கையின்போது குழந்தைகளை வடிகட்டக் கூடாது என்று சொல்வது 8ஆம் வகுப்பு வரைக்கும்தான். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவந்து, விடுதியில் வைத்து, மருத்துவராகவும் பொறியாளராகவும் அனுப்பிவைத்த பெருமை அந்தப் பள்ளிக்கு உண்டு என்பதையும் நான் அறிவேன். ஆனால் வாசலிலேயே பொறுக்கி எடுத்துக்கொண்ட பிள்ளைகள் தேர்ச்சி பெறுவதை வைத்து அங்கிருக்கும் தலைமை ஆசிரியையின் திறமையை அளக்க முடியாது. சேர்க்கைத் தேர்வு வைக்காத, வருகிற பிள்ளைகள் அத்தனை பேரையும் சேர்த்துக்கொள்ளும் ஓர் அரசுப் பள்ளியில் 88 விழுக்காடு காட்டிய தலைமை ஆசிரியை, இத்தகைய பள்ளியில் 100 காட்டியவரைவிடப் பலமடங்கு உழைத்தவராக இருக்கக்கூடும். அந்த வரி முதல் சுற்றிலேயே அவரை வெளியே தள்ளிவிடுகிறது.

இதைவிடப் பெரிய அச்சம் எனக்கு ஒன்று உண்டு. ஆசிரியர்கள் தங்களுக்குள் 'சென்டம்' என்று சொல்லிக்கொள்ளும் அந்த நூறு எப்படி வருகிறது என்பது பள்ளிக்கூடத்தில் காலம் கழித்த எவருக்கும் தெரியும். பல பள்ளிகளில் அது நேர்மையான உழைப்பால் வருகிறது. மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, தேர்வுக்கு முந்திய மாதங்களில் இரவுப் படிப்பு என்று ஆசிரியர்கள் தங்கள் வீட்டை மறந்து உழைத்து அதைக் கொண்டுவருகிறார்கள். வேறு சில பள்ளிகளில் பிள்ளைகளைக் கழித்துவிடுவதால் வருகிறது. 9ஆம் வகுப்பில் கணக்கில் தடுமாறும் பெண்ணின் பெற்றோரை அழைத்து, 'இங்கே இவளால் தாக்குப்பிடிக்க முடியாது, டி.சி. வாங்கிக்கொண்டு போய் வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள்' என்பார்கள். 12ஆம் வகுப்பு என்றால், பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராவதற்கு முன்பு, தனித்தேர்வராக எழுதிக்கொள்ளும்படி சொல்லி அனுப்பிவிடுவார்கள். மே மாதத்தில் முடிவு வரும்போது அந்தப் பெண் பள்ளியின் கணக்கிலேயே இருக்கமாட்டாள்.

1998ஆம் ஆண்டு, கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு, நான் ஒரு பெண்கள் பள்ளியில் 9ஆம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் என் வகுப்பில் 6 பேரை 'அனுப்பிவிடலாம்' என்று மேலிடத்தில் முடிவாயிற்று. அவர்களில் ஒருத்தி அஞ்செட்டிக்கு அப்பால் மலையோரக் கிராமத்திலிருந்து வந்தவள். வீட்டில் பேசுவது கன்னடம். தமிழில் எழுதக் கற்றுக்கொண்டதே பள்ளிக்கு வந்த பிறகுதான். மாற்றுச் சான்றிதழை நிரப்பியது என் கை. பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினேன். பெற்றோர் அதை விரும்பவில்லை என்பது எனக்கும் தெரியும், எதிரே கைகட்டி நின்ற அவள் தந்தைக்கும் தெரியும். பங்குனியில் அவளுக்குத் திருமணம் முடிந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த ஆண்டு அவளுடைய தங்கையைச் சேர்க்கச் சொல்லி அவர்கள் ஊருக்குப் போனபோது, அந்தத் தந்தை கோபமே இல்லாமல் சொன்னார்: 'பெரியவளை நீங்களே திருப்பி அனுப்பிட்டீங்க டீச்சர். சின்னவளை நானே நிறுத்திக்கறேன்.' அந்த ஆண்டு எங்கள் பள்ளி 10ஆம் வகுப்பில் 100 விழுக்காடு தேர்ச்சி பெற்றது. பாராட்டு விழாவில் எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். அதை இன்றுவரை நான் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

வேறு மாவட்டங்களில் ஒரு பெண் பள்ளி மாறினால் அது பள்ளி மாற்றம் மட்டுமே. நம் பகுதியில் அப்படி அல்ல. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி இடத்தில் இருந்தது தருமபுரி மாவட்டம். அங்கு ஒட்டுமொத்தமாக 68.5 விழுக்காட்டினரும், பெண்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரும் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காக 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பின்னர் தருமபுரிக்கும் கொண்டுவர நேர்ந்தது ஏன் என்பதை நம் தலைமுறைப் பெண்கள் மறக்கவில்லை. இன்றைக்கும் குழந்தைத் திருமணங்களைத் தடுத்து நிறுத்தியதாகச் செய்தி வரும்போதெல்லாம் பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் என்ற பெயர்களையே படிக்கிறோம். பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பெண் பிள்ளையைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் இடம் பள்ளி ஒன்றுதான். டி.சி. கையில் வந்த மறுவாரமே அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே இந்த மாவட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண்ணை வெளியே அனுப்பும் தலைமை ஆசிரியை, தான் அறிந்தோ அறியாமலோ ஒரு திருமணத்துக்கு நாள் குறித்துக் கொடுக்கிறார்.

பள்ளிக் குழுவினர் விண்ணப்பதாரரிடம் கேட்கவேண்டிய கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது. தாங்கள் பொறுப்பில் இருந்த பள்ளியில் 9ஆம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் எத்தனை, அவர்களில் 3 ஆண்டுகள் கழித்து 12ஆம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர், எழுதாதவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கட்டும். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு வாய்க்கு வந்த பதிலைச் சொல்லித் தப்பிவிடலாம். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் எமிஸ் எண் இருக்கிறது; டி.சி. வாங்கிச் சென்று வேறு எந்தப் பள்ளியிலும் சேராத பிள்ளையின் பெயர் 'காமன் பூல்' என்ற பட்டியலில் நின்றுகொண்டே இருக்கும். தன் பள்ளியிலிருந்து போய் அந்தப் பட்டியலில் நிற்கும் பெயர்களைத் தெரிந்து வைத்திருக்கும் தலைமை ஆசிரியை, அவர்களில் இரண்டு மூன்று பேரையாவது திரும்ப அழைத்து வந்திருந்தால், மற்ற விண்ணப்பங்களை மூடிவைத்துவிட்டு அவரையே நியமிக்கலாம் என்பேன்.

இத்தகையோர் இல்லாமல் இல்லை. பாலக்கோடு பக்கம் என்னுடன் பணியாற்றிய ஒரு தலைமை ஆசிரியை, பிள்ளை 3 நாள் தொடர்ந்து வராவிட்டால் 4ஆம் நாள் மாலை நகரப் பேருந்தில் ஏறி அவள் வீட்டு வாசலில் போய் நிற்பார். தை, பங்குனி, வைகாசி, ஆவணி ஆகிய முகூர்த்த மாதங்களில் வருகைப் பதிவேட்டைக் காலையில் முதல் வேலையாகத் தானே வாங்கிப் பார்ப்பார். திருமண ஏற்பாடு என்று தெரிந்தால் முதலில் தாயிடம் பேசுவார்; அது பலிக்காவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலருக்குச் சொல்வதற்கோ குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணை அழைப்பதற்கோ தயங்கமாட்டார். அவருடைய பள்ளி ஒருமுறைகூடச் சென்டம் எடுத்ததில்லை. இந்த விளம்பரத்தைப் பார்த்தால் அவர் விண்ணப்பிக்கவே மாட்டார்.

தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளியில் இன்னொரு சிக்கல் உண்டு. தன் ஊர்ப் பள்ளியில் 1ஆம் வகுப்பிலிருந்து முதல் மாணவியாக இருந்தவள், இங்கே காலாண்டுத் தேர்வில் 40 பேரில் 28ஆவது ஆளாக வருவாள். அவள் அறிவு குறைந்துவிடவில்லை, சுற்றி இருப்பவர்களும் அவளைப் போன்ற முதல் மாணவியர் என்பதுதான் காரணம். ஆனால் 14 வயதுப் பெண்ணுக்கு அது புரியாது. விடுதியில் இரவில் அழுவாள், பேச்சைக் குறைத்துக்கொள்வாள், பொங்கல் விடுமுறைக்குப் போனவள் திரும்பமாட்டாள். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகளுக்கும், தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே ஆங்கில வழிக்கு மாறும் பிள்ளைகளுக்கும் முதல் 6 மாதம் மிகக் கடினமானது. பொதுத்தேர்வு முடிவு வெளியாகும்போது முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தையே தமிழ்நாடு அரசு 2017இல் கைவிட்டுவிட்டது; பள்ளிக்குள் மாதந்தோறும் ரேங்க் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது தேவைதானா என்பதைப் புதிதாக வருபவரிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர் சொல்லும் பதிலைவிட, பதில் சொல்வதற்கு முன் அவர் எந்தப் பிள்ளையை நினைத்துப் பார்க்கிறார் என்பதைக் கவனிக்கவேண்டும்.

பெற்றோரிடம் உண்மையைச் சொல்பவராகவும் அவர் இருக்கவேண்டும். அரசுப் பள்ளியில் 8ஆம் வகுப்பு வரை படித்த பெண்ணை 9ஆம் வகுப்பில் உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினால், மருத்துவப் படிப்பில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்படும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை அவள் இழந்துவிடுவாள். பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் அப்படியே. உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2024-25 முதல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. ஆங்கில வழிக்கு மாறியவளுக்கு அதுவும் கிடைக்காது. இவற்றைச் சேர்க்கை நாளன்று பெற்றோருக்கு விளக்கிச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது, கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குச் செய்யும் அநீதி. சொன்னால் நல்ல பிள்ளைகள் சிலர் சேராமல் போய்விடுவார்கள் என்று நிர்வாகம் தயங்கலாம். தயங்காமல் சொல்லும் துணிவு தலைமை ஆசிரியைக்கு வேண்டும்.

துணிவு என்னும்போது, எழுதவே மனம் கூசும் ஒன்றையும் குறிப்பிட்டாகவேண்டும். 2024 ஆகஸ்டில் இதே மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலியாக நடத்தப்பட்ட என்.சி.சி. முகாமில் மாணவியருக்கு நேர்ந்த கொடுமையையும், அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் மறைத்ததாகப் பள்ளித் தரப்பினரே கைது செய்யப்பட்டதையும் நாடே படித்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி இத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் உடனே தெரிவித்தாகவேண்டும். தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று நிர்வாகத்தில் ஒருவர் தொலைபேசியில் சொல்லும்போது, அதை மறுத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் பேசக்கூடியவர்தானா என்பதை நேர்காணலில் கேட்டே ஆகவேண்டும். தலைமைப் பொறுப்புக்குப் பெண் வருவது நல்லது என்றே நானும் கருதுகிறேன்; ஆனால் பெண் என்பதாலேயே இந்தத் துணிவு வந்துவிடும் என்று குழுவினர் எண்ணிவிடக் கூடாது.

தேர்ந்தெடுக்கும் முறை குறித்தும் சில சொற்கள். உதவி பெறும் பள்ளிகளுக்கு நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 1974ஆம் ஆண்டு விதிகள், பதவி உயர்வைத் தகுதி, திறமை ஆகியவற்றின் அடிப்படையில் வழங்கவேண்டும், அவை ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது மட்டுமே பணிமூப்பைக் கருதவேண்டும் என்று கூறின; பள்ளிக்குள்ளேயே தகுதியானவர் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துவிட்டே வெளியே தேடச் சொல்லின. நியாயமான முறை அது. எனவே அங்கேயே பணிபுரியும் மூத்த ஆசிரியைகளை விளம்பரம் கொடுப்பதற்கு முன் முறையாக அழைத்துப் பேசினார்களா என்பதைக் குழுவினர் தெளிவுபடுத்துவது நல்லது. நேர்காணல் அரை மணி நேரத்தில் முடிவதாக இருக்கக் கூடாது. விண்ணப்பதாரர் 9ஆம் வகுப்பில் ஒரு பாடம் நடத்தட்டும், ஒரு மாலை விடுதிப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து பேசட்டும். குழுவினரில் இருவர் அவர் இப்போது பணியாற்றும் பள்ளிக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று, கழிப்பறையையும் குடிநீர்த் தொட்டியையும் பார்த்துவிட்டு, அங்குள்ள ஆயாவிடமும் காவலரிடமும் 10 நிமிடம் பேசிவிட்டு வரட்டும். சான்றிதழ்க் கட்டுகளைவிட அது பயன்தரும். தேர்வுக் குழுவில் வேறு பள்ளியைச் சேர்ந்த ஒரு தலைமை ஆசிரியையும், பழைய மாணவி ஒருவரும், மலைக் கிராமத்திலிருந்து பிள்ளையை அனுப்பியிருக்கும் ஒரு தாயும் இடம்பெறவேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்று கூறி யாரையாவது 'பொறுப்பு' என்று உட்காரவைத்து ஓராண்டை ஓட்டிவிடவும் வேண்டாம். பொறுப்புத் தலைமை ஆசிரியையின் சொல்லுக்கு அலுவலகத்திலும் மதிப்பிருக்காது, ஊரிலும் மதிப்பிருக்காது.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் இம்மாத இறுதி என்று விளம்பரத்தில் இருக்கிறது. இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உள்ளன. 'நூறு விழுக்காடு' என்ற வரியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் '9ஆம் வகுப்பில் சேர்ந்த மாணவியரை 12ஆம் வகுப்பு வரை தக்கவைத்த விவரத்தை இணைக்கவும்' என்று அச்சிட்டால் போதும். விளம்பரக் கட்டணம் ஒரு ரூபாய்கூட அதிகமாகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர்,
கிருஷ்ணகிரி.