கிணற்றடியில் நிற்பவருக்கு 'நிறுத்து' என்று சொல்ல உரிமை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எண்ணெய் நிறுவனங்களிடம் சுற்றுச்சூழலுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் மரம் நட்ட கணக்கைக் காட்டுகிறார்கள். யாரை வேலைக்கு எடுத்தார்கள், என்ன பயிற்சி கொடுத்தார்கள், எதற்குப் போனஸ் தந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எண்ணெய் வயல் ஒன்றில் பணியாளர் துறையில் பல வருடம் இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அசாமின் பாக்ஜானில் 2020 மே 27 அன்று, பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஆயில் இந்தியாவின் 5-ஆம் எண் கிணற்றிலிருந்து எரிவாயு பீறிட்டது. ஜூன் 9-இல் தீப்பிடித்து, தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். கிணற்றை முழுதாக அடக்க நவம்பர் 15 ஆகிவிட்டது. அதற்குள் பக்கத்திலிருந்த மாகுரி-மோட்டாபுங் சதுப்பு நிலத்தில் எண்ணெய் படர்ந்து, ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு முகாமுக்குப் போக வேண்டியதாயிற்று. பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த குழு சொன்ன காரணங்களைப் பாருங்கள்: கிணற்று வாயை அடைக்கும் கருவியைக் கழற்றும்போது சோதித்துப் பார்த்த இரண்டாவது தடுப்பு இல்லை, அது எவ்வளவு ஆபத்தான வேலை என்ற புரிதல் இல்லை, நிறுவனத்தின் தரப்பிலும் ஒப்பந்ததாரர் தரப்பிலும் சரியான மேற்பார்வை இல்லை. இதெல்லாம் ஆட்களைப் பற்றிய குறைகள்தானே?

நான் இருந்த இடத்தில் ஒப்பந்த ஆட்களுக்கு ஒரே நாள் வகுப்பு, அதுவும் பாதிப் பேருக்குப் புரியாத மொழியில். கடைசியில் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவோம், பயிற்சி முடிந்தது என்று எழுதிவிடுவோம். ஒருமுறை வால்வில் கசிவு இருக்கிறது என்று வேலையை நிறுத்தச் சொன்ன ஒரு பையனின் பெயர் அடுத்த ஒப்பந்தப் பட்டியலில் இல்லை. அந்தப் பட்டியல் என் மேசை வழியாகத்தான் போனது, நான் ஏன் என்று கேட்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது. அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

போனஸும் அப்படித்தான். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள், 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. மேடையின் உரிமையாளரான டிரான்ஸ்ஓஷன் நிறுவனமோ, பாதுகாப்பில் அதுவே தங்களின் சிறந்த ஆண்டு என்று சொல்லி உயரதிகாரிகளுக்குப் போனஸ் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அவர்கள் அந்தப் பணத்தை இறந்தவர்களின் குடும்ப நிதிக்குக் கொடுத்தார்கள்.

நம் எண்ணெய் நிறுவனங்கள் ஆண்டறிக்கையில், ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர் அவரவர் மொழியில் பயிற்சி பெற்றார்கள், எத்தனை முறை வேலையை நிறுத்தச் சொன்னார்கள், சொன்னவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்களா என்பதையும் எழுதட்டும்.

– ஓய்வுபெற்ற பணியாளர் துறை அலுவலர், நாகப்பட்டினம்