மக்காச்சோள விதை எவ்வளவு ஆழத்தில்? பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இன்று ஆளுக்கு எட்டு மக்காச்சோள விதை கொடுத்தனுப்பியிருக்கிறோம். முற்றத்திலோ விளையிலோ, வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்துக் கொடுங்கள். தென்னை நிழலும் ரப்பர் நிழலும் ஆகாது.

போன வருடம் பள்ளித் தோட்டத்தில் விதைத்துப் பத்து நாளாகியும் பாதிக் குழிகளில் ஒன்றும் வரவில்லை. விதைதான் சரியில்லை என்று நானும் நினைத்தேன். ஒரு மாணவி ஈர்க்கிலால் மெல்லக் கிளறினாள். உள்ளே முளை இருந்தது. வெளிறிய மஞ்சளாய்ச் சுருண்டு, மண்ணுக்குள்ளேயே இலை விரித்துக் கிடந்தது. முழு விரலும் அமுங்கும்படி புதைத்திருக்கிறார்கள். மேலே மழை பெய்து செம்மண் இறுகிவிட்டது. குருத்தைப் பொதிந்திருக்கும் உறை, வெளிச்சம் கண்ட பிறகே திறக்க வேண்டும். பாவம், அது வழியிலேயே திறந்துவிட்டது.

மேலாகப் போட்ட விதைகளை மைனாவும் அணிலும் கொண்டுபோயின. தப்பி வளர்ந்த செடிகளோ வேர் பிடிமானம் இல்லாமல் காற்றில் சாய்ந்தன.

ஆழம் 4 செ.மீ. இருக்கட்டும். பிள்ளையின் சுட்டுவிரலில் இரண்டு கணு, அவ்வளவுதான். உங்கள் விரலால் அளந்தால் கூடிப்போகும். மழையில் இறுகுகிற செம்மண்ணுக்கு 3 செ.மீ. போதும். குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல் மேலே சீக்கிரம் காய்வதால் 5 செ.மீ. வரை போகலாம்.

ஒரே வரிசையாக வேண்டாம். நாலு நாலாக இரண்டு வரிசை, செடிக்குச் செடி 25 செ.மீ. இடைவெளி. மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால்தான் கதிரில் மணி பிடிக்கும். வாளியோடு கவிழ்க்காமல் கையால் தெளித்துத் தண்ணீர் விடச் சொல்லுங்கள்.

நாங்கள் கொடுத்தது மருந்து தடவாத விதை. கடையில் வாங்குவது சாயம் ஏறியிருந்தால் அதில் பூஞ்சை மருந்து இருக்கும். பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவ வையுங்கள்.

ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். தெரியாத குழியில் நீங்கள் வேறு விதை போட்டு மூடிவிட வேண்டாம். பத்தாம் நாள் பிள்ளையே கிளறிப் பார்த்து, ஸ்கேல் வைத்து ஆழம் அளந்து, கண்டதை நோட்டில் வரைந்து கொண்டு வரட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்