குற்றத்தை 'மாமூல்' என்று எழுதாதீர்கள்: தமிழ் நாளிதழ் ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் துணை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

'மாமூல் வசூல்', 'மாமூல் கேட்டு மிரட்டல்' என்றெல்லாம் தலைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்தச் சொல்லைக் கைவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மாமூல் அரபியில் பிறந்த சொல். வழக்கமானது, வாடிக்கையாக நடப்பது என்று பொருள். ஒரு குற்றத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், 'இதெல்லாம் நடக்கிறதுதானே' என்ற எண்ணத்தோடேயே வாசகர் செய்திக்குள் நுழைகிறார். 'அன்பளிப்பு', 'கவனிப்பு' இரண்டும் இன்னும் மோசம். வாங்கியவர் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தை நாம் ஏன் அச்சில் ஏற்ற வேண்டும்?

நம்மிடம் ஊழல் என்ற சொல் இருக்கிறது. அதன் வேர் ஊழ்த்தல். முதிர்தல், மலர்தல், பதனழிதல் என்று அதற்குப் பல பொருள்கள். 'இணரூழ்த்தும் நாறா மலரனையர்' என்னும் குறளில் (650) அது மலர்தல்; கொத்தாகப் பூத்தும் மணக்காத மலர். முதிர்ந்தது பதம் தப்பினால் அழுகும். அந்தப் பொருளில் நின்றுதான் ஊழல் இன்று பொதுவாழ்வின் கேட்டைக் குறிக்கிறது. நல்லதாக இருந்த ஒன்று உள்ளிருந்தே கெட்டது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அதனாலேயே, ஆதாரமில்லாத மேடைக் குற்றச்சாட்டுக்கெல்லாம் அதைச் செலவழிப்பதும் எனக்கு வருத்தம் தருகிறது.

லஞ்சம் வாங்குபவரைப் பொறிவைத்துப் பிடிப்பதை உங்கள் நிருபர்கள் அறிவார்கள். ரூபாய் நோட்டுகளில் பினாப்தலீன் பொடி தடவியிருப்பார்கள். பணம் கைமாறியதும் வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கச் சொல்வார்கள். நிறமற்ற கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் வாங்கியதை மறுநாள் தலைப்பில் 'மாமூல்' என்று போடுவது நியாயமா?

1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டப்படி, லஞ்சம் வாங்கும் அரசு ஊழியருக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம். பணம் கொடுத்துவிட்டுப் புழுங்கிக்கொண்டிருக்கும் வாசகருக்கு இந்த 7 நாள் கணக்கு தெரிந்தாக வேண்டும். ஒவ்வொரு லஞ்சச் செய்தியின் அடியிலும் அதை ஒரு வரியாகப் போடுங்கள். தலைப்பில் லஞ்சம் என்றே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்