மண்ணுக்கு நாங்கள் மருந்து ஊற்றும் முன்பே எங்களிடம் வாருங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்துக் கிருஷிபவன் (வேளாண் அலுவலகம்) அலுவலர்களுக்கும், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி பஞ்சாயத்தாருக்கும் வணக்கம்.

நான் எருத்தேம்பதிப் பக்கம் தக்காளியும் கத்தரியும் வைக்கிறவன். போன தை மாதம் நாற்றங்காலுக்கு ஃபார்மலின் என்ற கிருமிகொல்லி மருந்தை ஊற்றினேன். முந்தைய வெள்ளாமையில் செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது, வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவின் வேலை. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் ஒரு கடையில் “ஊத்தி ரெண்டு நாள் மூடி வைங்க, போதும்” என்றார்கள். மூன்றாம் நாள், மூடியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து அன்றைக்கே விதை போட்டேன். கால்வாசிகூட முளைக்கவில்லை. அது என் நஷ்டம், போகட்டும்.

ஷீட்டைத் தூக்கியபோது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தை மாதக் காற்று எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு வரப்புக்கு ஓடினார்கள். அவர்களில் என் சித்தியும் ஒருவர். இரண்டு நாள் அவருக்கு இருமல் நிற்கவில்லை. அவர்களிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் குற்ற உணர்வில்தான் இதை எழுதுகிறேன்.

2018இல் மீனில் ஃபார்மலின் என்று வாளையார் எல்லைச் சோதனைச்சாவடியில் லாரியைப் பிடித்தபோது கேரளமே பதறியது. அதே ஃபார்மலினைத்தான் நாங்கள் கையுறைகூட இல்லாமல் குடத்தில் கலக்கிறோம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே சொல்லிவிட்டது. ஷீட்டை எடுத்த பிறகு மண்ணைக் கிளறி ஆறவிட்டு, வாடை முழுக்கப் போனபின், குறைந்தது இரண்டு வாரம் கழித்தே விதைக்க வேண்டும் என்பது விதை வீணான பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஃபார்மலின் போல மண்ணில் இடும் மருந்துகளுக்கு நல்லது கெட்டது தெரியாது. மெத்தாம் சோடியமும் டாசோமெட்டும் ஈரமண்ணில் வாயுவாக மாறி நூற்புழுவைக் கொல்லும். கூடவே மண்புழுவையும், தழைச்சத்தைப் பயிருக்கு ஏற்றதாக மாற்றித் தரும் நுண்ணுயிரையும் கொல்லும். நூற்புழு அடுத்த காட்டு வாய்க்கால் தண்ணீரோடும் வாங்கிவந்த நாற்றோடும் திரும்ப வந்துவிடும்.

தடை போட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்லாதீர்கள். ஃபோரேட், கார்போஃபூரான் என்ற பூச்சிமருந்துக் குருணைகளைக் கேரளம் 2011இலேயே தடை செய்தது. ஆனால் எங்களுக்குத் தமிழ்நாட்டுக் கடை பைக்கில் பத்து நிமிடம். கடைக்காரர் தமிழில் பேசுகிறார், நீங்கள் தரும் நோட்டீஸ் மலையாளத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசி, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள். யார் பேச்சு எங்கள் காதில் ஏறும்?

நான் கேட்பது பெரிய காரியமல்ல. நம் ஊர் பங்குனி வெயிலைப் பயன்படுத்துங்கள். பாத்தியை நன்றாக நனைத்து, கண்ணாடி போல ஒளி புகும் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துப் போர்த்தி, ஓரத்தில் மண் அணைத்து நான்கு முதல் ஆறு வாரம் விட்டால், மேல்மண் வெந்து நூற்புழுவும் பூஞ்சணமும் பெருமளவு குறையும். கறுப்பு ஷீட் போட்டால் அந்த அளவு சூடு ஏறாது. இது பலருக்குத் தெரியாது. ஆழியாற்றுத் தண்ணீருக்குக் காத்துக்கிடக்கும் மாதம்தான், ஆனால் ஒருமுறை நனைத்தால் ஷீட்டே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன்பின் வேப்பம் புண்ணாக்கு, ட்ரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சணம், இடைப்போகத்தில் செண்டுமல்லி. ஆழத்தில் ஒளிந்த நூற்புழு இதில் சாகாது, உண்மைதான். நாற்றங்காலுக்கு மேல்மண் சுத்தமானாலே பாதி வேலை முடிந்தது.

அந்த ஷீட்டை மானியத்தில் மாசி கடைசிக்குள் கையில் கொடுங்கள். சித்திரையில் வந்தால் பிரயோசனமில்லை. செய்முறையைத் தமிழில் அச்சடித்து வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் ஒட்டுங்கள். அப்படியும் மருந்துதான் ஊற்றுவேன் என்கிறவர், இரண்டு நாள் முன்பே அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும் கூலியாட்களுக்கும் சொல்லி, வரப்பில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போடுங்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி பக்கத்தில் அறவே கூடாது.

செய்துகாட்ட இடம் இல்லை என்ற பேச்சு வேண்டாம். வரும் பங்குனிக்கு என் நாற்றங்கால் ஐந்து சென்ட்டைத் தருகிறேன். தண்ணீர் பாய்ச்சி வைக்கிறேன், ஷீட்டோடு வாருங்கள். சித்தியையும் அவர் கூட்டாளிகளையும் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
எருத்தேம்பதி விவசாயி ஒருவன்